பணம் ஊர் போய்ச் சேர்கிறது, பணிக்காலம் சேர்வதில்லை

திருப்பூரில் பனியன் தைத்த ஒருவர், முதுமையில் ஒடிசாவின் பலாங்கீரிலோ பீகாரின் கயாவிலோ உட்கார்ந்துகொண்டு, இங்கே உழைத்ததற்கான ஓய்வூதியத்தைத் தன் ஊர் வங்கியில் மாதா மாதம் வாங்க முடியுமா? 2025 ஜனவரி தொடங்கி இதற்கு விடை, தாராளமாக முடியும் என்பதே. தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி நிறுவனம் மையப்படுத்தப்பட்ட ஓய்வூதியப் பட்டுவாடா முறையைத் தன் எல்லா மண்டல அலுவலகங்களுக்கும் விரித்த பிறகு, நாட்டின் எந்த வங்கியின் எந்தக் கிளையிலும் அந்தப் பணம் விழும். 68 லட்சத்துக்கும் மேற்பட்ட ஓய்வூதியர்களுக்கு இந்த வசதி கிடைத்திருக்கிறது. ஓய்வு பெற்றுச் சொந்த ஊர் திரும்புகிறவர்களுக்குப் பெரும் நிம்மதி என்று அரசு இதை அறிவித்தது. அந்தக் கூற்றில் பொய்யில்லை.

ஆனால் ஓய்வூதியத்துக்கு இரண்டு முனைகள் உண்டு. ஒன்று, பணத்தைக் கையில் வாங்கும் முனை. மற்றது, அதற்கான உரிமையைச் சம்பாதிக்கும் முனை. வாங்கும் முனையில் கடந்த பத்தாண்டுகளில் நடந்த சீர்திருத்தங்கள் உண்மையிலேயே பாராட்டுக்குரியவை. சம்பாதிக்கும் முனையில், அதாவது திருப்பூரின் பவர் டேபிளிலும் செக்கிங் மேசையிலும் கழிகிற ஆண்டுகளில், புலம்பெயர்ந்த தொழிலாளியின் பணிக்காலம் துண்டு துண்டாகச் சிதறி வீணாகிறது. பணம் 1,500 கிலோமீட்டர் தாண்டி ஊர் போய்ச் சேர வழி பிறந்துவிட்டது. அதை உண்டாக்க வேண்டிய ஆண்டுகளுக்குத்தான் வழி பிறக்கவில்லை. இந்த ஏற்பாட்டின் நிறை குறைகளை எடைபோடும்போது இரு முனைகளையும் சேர்த்துத்தான் தட்டில் வைக்க வேண்டும்.

பட்டுவாடாவில் வந்த மாற்றம்

பழைய முறையை நினைவில் வைத்திருந்தால்தான் புதியதன் அருமை புரியும். தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் 1995 நவம்பர் 16 அன்று நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு மண்டல அலுவலகமும் தன் வட்டாரத்தில் மூன்று நான்கு வங்கிகளோடு மட்டும் தனித்தனியாக ஒப்பந்தம் செய்துகொண்டு ஓய்வூதியம் வழங்கியது. ஓய்வூதியர் ஊர் மாறினால் அவருடைய ஓய்வூதிய ஆணை ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்கு மாற வேண்டும். அது மாறி முடியும்வரை பணம் வராது. முதல் தவணைக்கு முன்பு வங்கிக்கு நேரில் போய்ச் சரிபார்ப்பு முடிக்க வேண்டும். கோவைப் பக்கம் பணியை முடித்துவிட்டு ஒடிசாவின் ஒரு சிற்றூருக்குத் திரும்பியவருக்கு இது ஆண்டுக்கணக்கில் இழுக்கும் வேலை. இரண்டு அலுவலகங்களுக்கும் இடையே மொழியும் வேறு.

2024 அக்டோபரில் கர்னால், ஜம்மு, ஸ்ரீநகர் மண்டலங்களிலும், நவம்பரில் மேலும் 24 மண்டலங்களிலும் சோதித்துப் பார்த்த பிறகு, புதிய முறை நாடெங்கும் வந்தது. ஆணை மாற்றமும் நேரடிச் சரிபார்ப்பும் இப்போது தேவையில்லை. ஓய்வூதியரின் வீட்டுக்குப் பக்கத்தில் எந்த வங்கி இருக்கிறதோ அதில் கணக்கு இருந்தால் போதும்.

உயிர்ச்சான்று விஷயத்திலும் இதே போக்கைப் பார்க்கலாம். ஆண்டுக்கொரு முறை "நான் உயிரோடு இருக்கிறேன்" என்று நிரூபிக்க, ஒரு காலத்தில் வங்கி மேலாளர் முன்னால் போய் நிற்க வேண்டியிருந்தது. 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் என்ற மின்னணுச் சான்று வந்தது. முதியவர்களின் தேய்ந்த கைரேகையை இயந்திரம் ஏற்க மறுப்பது பெரும் தொல்லையாக இருந்ததால், பின்னர் செல்பேசிக் கேமராவில் முகம் காட்டியே சான்று தரும் வசதியும் சேர்ந்தது. தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தின் ஓய்வூதியர்கள் நவம்பர் மாதக் கூட்டத்தில் முண்டியடிக்க வேண்டியதில்லை. ஆண்டின் எந்த மாதத்திலும் சான்று தரலாம், அது 12 மாதம் செல்லும். கிராமத்து அஞ்சலகத்தின் வழியே வீட்டு வாசலிலேயே முடித்துக்கொள்ளவும் ஏற்பாடு இருக்கிறது. நல்ல செல்பேசியும் சிக்னலும் இல்லாத மலையோரக் கிராமங்களில் இதெல்லாம் தடுமாறத்தான் செய்யும். ஆனாலும் திசை சரியான திசை.

இந்த ஏற்பாட்டில் பலரும் கவனிக்காத பலம் ஒன்று குடும்ப ஓய்வூதியம். பணியில் இருக்கும்போது தொழிலாளி இறந்துபோனால், ஒரே ஒரு மாதச் சந்தா செலுத்தியிருந்தாலும் போதும், மனைவிக்கோ கணவனுக்கோ மாதம் குறைந்தது 1,000 ரூபாய், மறுமணம் செய்யாதவரை, வாழ்நாள் முழுவதும் கிடைக்கும். இரண்டு குழந்தைகளுக்கு 25 வயதுவரை தனி உதவித்தொகை உண்டு. வேலையிடத்து விபத்தில் இறந்தவர் ஈ.எஸ்.ஐ. உறுப்பினராக இருந்தால், அவரைச் சார்ந்தவர்களுக்குச் சராசரி ஊதியத்தில் 90 சதவீதம் மாதாந்தரத் தொகையாகப் போகும். திருப்பூரை ஒருமுறைகூடப் பார்த்திராத ஒரு விதவை, ஜார்க்கண்டின் தும்காவில் இருந்தபடியே திருப்பூரிடமிருந்து பெறும் உரிமை இது. பத்தாண்டுப் பணி என்ற நிபந்தனை இதற்குக் கிடையாது. திட்டத்தின் மிகச் சிறந்த பகுதி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் இறப்பு அன்று அவர் பெயர் பதிவேட்டில் இருந்தாக வேண்டும். அந்த இடத்தில்தான் சிக்கல் ஆரம்பமாகிறது.

எல்லை கடந்த மூன்று முன்மாதிரிகள்

உழைத்த இடத்து ஓய்வூதியத்தை வேறிடத்தில் இருந்து கோருவது உலகத்துக்குப் புதிதல்ல, தமிழர்களுக்கும் புதிதல்ல. மூன்று முன்மாதிரிகளை அருகருகே வைத்துப் பார்ப்பது பயன்படும்.

முதலாவது, நம் வரலாற்றோடு ஒட்டியது. 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தப்படி, இலங்கையின் இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று முடிவானது. தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் வருங்கால வைப்பு நிதியையும் பணிக்கொடையையும் உள்ளிட்ட சொத்துக்களை எடுத்துச் செல்லலாம் என்றும், ஒரு குடும்பம் கொண்டுபோகக்கூடிய தொகையின் உச்சவரம்பு 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கப்படாது என்றும் அதில் எழுதப்பட்டது. மூன்று தலைமுறைத் தேயிலை உழைப்பு மொத்தத் தொகை ஒன்றாகச் சுருங்கி, கப்பலேறி மண்டபம் முகாமுக்கு வந்து சேர்ந்தது. பணம் கடல் கடந்தது. மாதா மாதம் தொடரும் பாதுகாப்பு எதுவும் உடன் வரவில்லை. ஊர் திரும்புகிறவருக்கு ஒரு தொகையைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடும் இந்த வழக்கம், பிறகு நாம் திருப்பூரில் பார்க்கப்போகும் வழக்கத்தின் மூத்த உறவு.

இரண்டாவது, பிரிட்டன். அங்கே உழைத்தவர் அரசு ஓய்வூதியத்தை இந்தியாவில் இருந்தபடியே பெறலாம். ஆனால் இந்தியாவில் வசிக்கத் தொடங்கிய பிறகு அந்தத் தொகை ஆண்டுதோறும் ஏறாது. முதல் மாதம் என்ன தொகையோ, கடைசிவரை அதே தொகைதான். அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் குடியேறிய பிரிட்டிஷ் ஓய்வூதியருக்கு ஏற்றம் உண்டு. இந்தியா, ஆஸ்திரேலியா, கனடா போன்ற நாடுகளில் வாழ்வோருக்கு இல்லை. இப்படி உறைந்துபோன ஓய்வூதியம் வாங்குவோர் உலகெங்கும் 4 லட்சத்துக்கும் மேல். முப்பதாண்டு லண்டன் மருத்துவமனையில் வேலை பார்த்துவிட்டுக் கோவையில் வந்து குடியேறும் ஒரு செவிலியருக்கு உரிமை எல்லை கடக்கிறது, அதன் மதிப்பு கடப்பதில்லை.

மூன்றாவது, இந்திய அரசே காட்டிய மாதிரி. இந்திய ராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற நேபாள கூர்க்கா வீரர்களுக்காக காத்மாண்டு, பொக்கரா, தரான் ஆகிய ஊர்களில் இந்தியா ஓய்வூதிய அலுவலகங்களை நடத்துகிறது. ஓய்வூதியர் அலுவலகத்தைத் தேடி எல்லை தாண்டி வரவில்லை, அலுவலகம் எல்லை தாண்டிப் போனது. பஞ்சப்படியும் உண்டு. மனமிருந்தால் ஓர் அரசு எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு இது சான்று.

மொத்தத் தொகை, உறைந்த தொகை, தேடிப்போய்த் தரும் தொகை. திருப்பூர்த் தொழிலாளிக்கு வாய்த்திருப்பது முதல் இரண்டின் கலவை. பெரும்பாலோர் மொத்தமாக வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். தப்பித்தவறி ஓய்வூதியம் வரை போய்ச் சேர்ந்தவர்கள் உறைந்த தொகையைப் பெறுகிறார்கள்.

பத்தாண்டு என்ற கோடு

ஓய்வூதியம் பெற 10 ஆண்டுத் தகுதிப் பணிக்காலம் வேண்டும். ஆறு மாதமோ அதற்கு மேலோ இருந்தால் ஓராண்டாகக் கணக்கிடுவதால், ஒன்பதரை ஆண்டு முடித்தாலே கோட்டைத் தாண்டியதாகும். ஒரே கம்பெனியில் இருக்க வேண்டும் என்றில்லை. நடுவில் இடைவெளி விழுந்தாலும் பரவாயில்லை. ஏட்டளவில் இது இளகிய விதி. நிரந்தர வேலை இல்லாத ஊருக்கும் பொருந்துகிற மாதிரியே எழுதப்பட்டிருக்கிறது.

திருப்பூரின் நடைமுறை இந்த இளகிய விதியையும் தோற்கடிக்கிறது. இங்கே உற்பத்தி ஒரே கூரையின் கீழ் நடப்பதில்லை. நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், பிரிண்டிங் இன்னோரிடம், தையல் பல இடங்கள் என்று ஜாப் ஒர்க் வழியாகவே தொழில் ஓடுகிறது. வைப்பு நிதிச் சட்டம் 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கே பொருந்தும் என்பதால், பத்துப் பதினைந்து இயந்திரங்கள் வைத்திருக்கும் பவர் டேபிள் பட்டறைகள் அதன் வலைக்கு வெளியே நிற்கின்றன. பெரிய கம்பெனிக்குள்ளேயும் காண்ட்ராக்டர் வழியாகவும் பீஸ் ரேட்டிலும் வேலை நடக்கிறது. சட்டப்படி காண்ட்ராக்டரிடம் வேலை செய்பவரும் பீஸ் ரேட்டில் தைப்பவரும் உறுப்பினர்களே. பதிவேட்டின்படி அவர்களில் பலர் இல்லவே இல்லை.

ஏற்றுமதிக் கம்பெனிகளில் நிலைமை மேல். காரணம், ஐரோப்பிய அமெரிக்க வாங்குவோர் அனுப்பும் ஆடிட். கூலிப் பதிவேடு, ஓவர்டைம், வைப்பு நிதி (பி.எஃப்.) சந்தா எல்லாம் அதில் பார்க்கப்படுகின்றன. திருப்பூரில் பி.எஃப். பரவியதற்குச் சட்டத்துக்குச் சமமாக ஆடிட்டுக்கும் பங்கு உண்டு. ஆனால் ஆடிட்டர் கேட்பது இந்த மாதம் சந்தா கட்டினீர்களா என்பதை. இந்தச் சந்தா என்றைக்காவது யாருக்காவது ஓய்வூதியமாகத் திரும்புமா என்று கேட்பது அவர் வேலைப் பட்டியலில் இல்லை. அதனால் சந்தா ஒழுங்காகப் போகிறது, பணிக்காலம் ஒழுங்காகச் சேர்வதில்லை.

சேராததற்கு முதல் காரணம் வேலையின் தாளம். வடமாநிலத் தொழிலாளி சத் பூஜைக்கோ ஹோலிக்கோ அறுவடைக்கோ ஊருக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்துத் திரும்பி, பெரும்பாலும் வேறு கம்பெனியில் சேர்கிறார். ஷிப்டுக்கு இருபது ரூபாய் கூடுதலாகக் கிடைத்தால் இடையிலும் மாறுகிறார். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது ஆர்டர் குறைந்தது, ஒன்றரை ஷிப்ட் ஓடிய இடங்களில் ஒரு ஷிப்டுக்கே திண்டாட்டமானது. ஆர்டர் இல்லாத மாதங்களில் முதலில் ரயிலேறுபவர் அவர்தான்.

இரண்டாவது காரணம் காகிதம். ஒருவருக்கு வாழ்நாள் முழுவதும் ஒரே வைப்பு நிதி எண் (யூ.ஏ.என்.) என்பது 2014இல் வந்த நல்ல சீர்திருத்தம். ஆனால் பழைய எண்ணைத் தெரியாமலோ சொல்லாமலோ புதிய கம்பெனியில் புதிய எண் வாங்கியவர்கள் ஏராளம். ஒடியாவிலும் இந்தியிலும் எழுதப்பட்ட பெயரைத் திருப்பூர் அலுவலகத்தின் கணக்கர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் தட்டுகிறார். ஆதாரில் ஓர் எழுத்து, பி.எஃப். கணக்கில் வேறோர் எழுத்து. பிறந்த தேதி ஒன்றில் ஜனவரி 1, இன்னொன்றில் வேறு. இதைத் திருத்தக் கூட்டு உறுதிமொழியில் முதலாளி கையெழுத்துப் போட வேண்டும். கம்பெனி மூடிப்போயிருந்தால்? 2017 அக்டோபருக்குப் பிறகு ஆதாரோடு சரிபார்த்து எண் பெற்றவர்கள் தாங்களே திருத்திக்கொள்ளலாம் என்று 2025 ஜனவரியில் விதி தளர்ந்தது. அதற்கு முன்பு சேர்ந்தவர்கள், அதாவது ஓய்வூதிய வயதை நெருங்குகிறவர்கள், பலநேரம் அந்தத் தளர்வுக்கு வெளியே நிற்கிறார்கள்.

மூன்றாவது காரணம் வேலை முறையிலேயே பொதிந்திருக்கிறது. நூற்பாலைகளில் ஒரு காலத்தில் பரவலாக இருந்த, சுமங்கலித் திட்டம் என்று பேசப்பட்ட முறையை எண்ணிப் பாருங்கள். இளம்பெண்கள் விடுதியில் தங்கி மூன்றாண்டு உழைத்து, முடிவில் ஒரு மொத்தத் தொகையோடு வீடு திரும்ப வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. இப்போது அந்தப் பெயர் மறைந்துவிட்டது. தென்மாவட்டப் பெண்களின் இடத்தில் ஒடிசா, ஜார்க்கண்ட் பெண்கள் விடுதிகளில் இருக்கிறார்கள். ஆனால் இரண்டு மூன்று ஆண்டில் ஆள் மாறும் கணக்கு மாறவில்லை. பத்தாண்டுக் கோட்டை எட்டவே முடியாத வேலை வாழ்க்கையை வடிவமைத்துவிட்டு, பத்தாண்டு முடித்தால் ஓய்வூதியம் என்று சொல்வதில் பொருள் குறைவு.

எடுப்பதா, விட்டுவைப்பதா

பத்தாண்டு முடியாதவருக்கு இரண்டு வழிகள். பணத்தை எடுத்துக்கொள்ளலாம், அல்லது பணிக்காலத்துக்குச் சான்றிதழ் வாங்கி வைத்து, பின்னால் வேறெங்கேனும் வேலைக்குச் சேர்ந்தால் அதோடு கூட்டிக்கொள்ளலாம். கிட்டத்தட்ட எல்லோரும் எடுக்கிறார்கள். தொழிலாளிக்கு விழிப்புணர்வு இல்லை, நாளையைப் பற்றிய கவலை இல்லை என்று கருத்தரங்குகளில் சொல்வது வழக்கம். அந்தக் குற்றச்சாட்டு நியாயமா என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஓய்வூதியச் சூத்திரம் எளிது. கடைசி 60 மாதச் சராசரி ஊதியத்தைப் பணிக்கால ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். ஊதிய உச்சவரம்பு 2014 செப்டம்பர் முதல் 15,000 ரூபாய். 12,000 ரூபாய் ஊதியத்தில் பத்தாண்டு தைத்த ஒரு டெய்லருக்கு மாதம் 1,714 ரூபாய் வரும், 58 வயதில். இருபதில் சேர்ந்து முப்பதில் ஊர் திரும்பியவர் என்றால், 28 ஆண்டு காத்திருந்து இந்த 1,714 ரூபாயைப் பெறுவார். அதற்குள் அந்தத் தொகைக்கு வட்டியும் ஏறாது, விலைவாசிப்படியும் சேராது.

ஒன்பதாம் ஆண்டிலேயே எடுத்துவிட்டால்? ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளம் என்ற விகிதத்தில் கையில் 1,10,000 ரூபாயை ஒட்டிக் கிடைக்கும். அதை 7 சதவீத வட்டியில் 28 ஆண்டு போட்டுவைத்தால் 7 லட்சத்தைத் தாண்டும். அப்போது மாத வட்டி மட்டுமே 4,000 ரூபாய்க்கு மேல். முதலும் கையில் இருக்கும். ஆக, விழிப்புணர்வு இல்லாதவர் என்று நாம் சொல்கிறவர் போட்ட கணக்கு தவறில்லை. ஊருக்குத் திரும்பி விவசாயத்துக்கோ கூலிக்கோ போகப்போகிறவருக்கு, எடுப்பதே லாபம் என்று திட்டமே சொல்லிக்கொடுக்கிறது.

ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். எடுத்த 1,10,000 ரூபாயை 28 ஆண்டு யாரும் வட்டிக்குப் போட்டு வைப்பதில்லை. அது தங்கை கல்யாணத்துக்கோ, வீட்டுக் கூரைக்கோ, பைக்குக்கோ போகும். வீணாகப் போகிறது என்று சொல்லிவிட முடியாது, ஆனால் முதுமைக்கு மிஞ்சாது. அத்தோடு, அவர் தொடர்ந்து ஏதாவதொரு பதிவு பெற்ற வேலையில் 58 வரை நீடித்தால் கதையே வேறு. சூத்திரம் கடைசி ஊதியத்தைத்தான் பார்க்கிறது. இளமையில் 8,000 ரூபாய்க்கு உழைத்த ஆண்டும் கடைசியில் 15,000 ரூபாய் விலை பெறும். 20 ஆண்டு தாண்டினால் இரண்டாண்டு கூடுதலாகச் சேரும். பழைய ஆண்டுகளைப் புதிய விலைக்கு மதிப்பிடும் இந்த வசதி வேறெந்தச் சேமிப்பிலும் கிடையாது.

ஆகவே இந்தத் திட்டம் இருப்பவரை வாழவைக்கிறது, திரும்புகிறவரைக் கைவிடுகிறது. நிலையான வேலையில் ஓய்வுவரை நீடிப்பவரின் ஆண்டுகள் வளர்கின்றன. ஊர் திரும்பியவரின் ஆண்டுகள் அவர் ரயிலேறிய நாளின் கூலியிலேயே நின்றுவிடுகின்றன. புலம்பெயர்ந்தவர் என்றாலே திரும்புகிறவர் என்பதால், அவருக்கு எதிரான சாய்வு சூத்திரத்தின் நடுவிலேயே இருக்கிறது. எந்தப் பட்டுவாடா முறையாலும் அதைச் சரிசெய்ய இயலாது.

2025 அக்டோபர் 13 அன்று வைப்பு நிதியின் மத்திய அறங்காவலர் குழு ஒரு முடிவெடுத்தது. வேலையை விட்ட இரண்டு மாதத்தில் ஓய்வூதியக் கணக்கை முடித்துக்கொள்ளலாம் என்றிருந்ததை 36 மாதமாக நீட்டியது. அடிக்கடி எடுப்பதால்தான் பணிக்காலம் அறுபடுகிறது என்பது அதன் காரணம். நோயைச் சரியாகக் கண்டார்கள், மருந்தில் பாதியைத்தான் கொடுத்தார்கள். காத்திருக்கச் சொல்கிறவர்கள், காத்திருக்கும் காலத்துக்கு விலையும் கொடுக்க வேண்டும். வட்டியோ விலைவாசிப்படியோ சேராத கணக்கைப் பூட்டிவைப்பது, தொழிலாளியின் காசைக் கொண்டே அவருக்குப் பாடம் நடத்துவதாகும்.

குறைந்தபட்ச ஓய்வூதியம் 1,000 ரூபாய் என்று 2014 செப்டம்பரில் நிர்ணயித்தார்கள். பத்தாண்டு கடந்தும் அதே 1,000 ரூபாய். இதைத் திருப்பூரில் வைத்துச் சொல்லும்போது ஒரு பழைய கணக்கு நினைவுக்கு வராமல் போகாது. 1984இல் இந்த ஊரின் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கோரிக்கை, பஞ்சப்படி. விலைவாசி ஏறும்போது கூலியும் ஏற வேண்டும் என்ற அந்த எளிய நியாயத்துக்காக நான்கு மாதம் அடுப்பெரியாமல் கிடந்த ஊரின் ஓய்வூதியத்தில், பஞ்சப்படி என்ற சொல்லுக்கே இடமில்லை.

மாநிலம் தரும் முதியோர் உதவி

சந்தா கட்டிப் பெறும் ஓய்வூதியத்துக்கு எட்டாதவருக்கு மிஞ்சுவது அரசு தரும் முதியோர் உதவித்தொகை. ஏழைப் பெற்றோரைத் திருப்பூருக்கே அழைத்துவந்து ஒரு லைன் வீட்டில் குடியிருக்கும் பீகார், ஒடிசாக் குடும்பங்கள் இப்போது கூடிவருகின்றன. அந்த முதியவர்களின் உரிமை எந்த மாநிலத்தில் இருக்கிறது?

மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில் 60 முதல் 79 வயதுவரை மத்தியப் பங்கு மாதம் 200 ரூபாய்தான், அதுவும் பல ஆண்டுகளாக மாறாமல். மற்றதை மாநிலங்கள் தங்கள் சொந்தப் பணத்தில் சேர்க்கின்றன. 1962 முதல் முதியோர் உதவித்தொகை வழங்கிவரும் தமிழகம் இன்று 1,200 ரூபாய் தருகிறது. பீகார் 400 ரூபாயாக இருந்ததை 2025 ஜூலை முதல் 1,100 ஆக்கியது. ஒடிசா தன் மது பாபு திட்டத்தின் தொகையை 2024இல் 1,000 ஆக உயர்த்தியது. மாநிலப் பணம் என்பதால் மாநிலத்தில் குடியிருப்பவருக்கே அது. திருப்பூரில் வாழும் ஒடிசா மூதாட்டி தன் ஊர்ப் பயனாளிப் பட்டியலில் தொடர வேண்டுமென்றால், பெயர் சரிபார்ப்புக்கும் உயிர்ச்சான்றுக்கும் அவ்வப்போது ஊர் போய்த் தலைகாட்ட வேண்டியிருக்கும். போகாதவரை ஊரில் இல்லாதவர் என்று நீக்கிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. இங்கேயே விண்ணப்பிக்கலாமென்றால் இங்கே குடும்ப அட்டை இல்லை. தேனியிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் ஒரு தலைமுறைக்கு முன் வந்த குடும்பங்களிலும் அட்டை ஊரிலேயே இருப்பதுண்டு. ஆனால் அவர்களுக்கு வட்டாட்சியர் அலுவலகம் ஓர் இரவுப் பேருந்துத் தூரம். பலாங்கீர்க்காரருக்கு இரண்டு நாள் ரயில்.

இது முடியாத காரியம் என்று சொல்ல முடியாது. ரேஷனில் இதே தடையை நாம் தாண்டியிருக்கிறோம். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழகம் 2020 அக்டோபரில் சேர்ந்தது. 2022 ஜூனுக்குள் எல்லா மாநிலங்களும் சேர்ந்துவிட்டன. பீகார் அட்டைக்குத் திருப்பூர்க் கடையில் தானியம் வாங்க இன்று வழி இருக்கிறது. செலவு யாருடையது, எப்படி ஈடுசெய்வது என்பதற்கெல்லாம் அங்கே முறை கண்டுபிடிக்கப்பட்டது. முதியோர் உதவியில் தானிய மூட்டைகூட நகர வேண்டியதில்லை. பணம் ஏற்கெனவே வங்கியில்தான் விழுகிறது. திருப்பூர் இ-சேவை மையத்தில் செய்யும் சரிபார்ப்பை ஒடிசா அரசு ஏற்றுக்கொண்டால் போதும். அந்த ஒரு கையெழுத்துக்குத்தான் இன்னும் யாரும் மேசை போடவில்லை.

மேசை போடப்படும் இடங்களையும் கவனிக்க வேண்டும். 2025 ஜூலை 24 அன்று இந்தியாவும் பிரிட்டனும் வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. திருப்பூரின் ஆடைகள் வரியின்றி அங்கே போக வழிசெய்யும் ஒப்பந்தம் அது. அதோடு சேர்த்தே, தற்காலிகமாகப் பிரிட்டனுக்கு அனுப்பப்படும் இந்திய ஊழியர்கள் இரு நாட்டிலும் இரட்டைச் சந்தா கட்ட வேண்டாம் என்ற ஏற்பாடும் பேசி முடிக்கப்பட்டது. பெல்ஜியம் தொடங்கி ஜப்பான்வரை சுமார் இருபது நாடுகளோடு இந்தியா இப்படிச் சமூகப் பாதுகாப்பு உடன்பாடு செய்திருக்கிறது. மென்பொருள் ஊழியரின் சந்தா லண்டனில் வீணாகாமல் காக்கப்படுவது நல்லதே. ஆனால் இரு தேசங்கள் பேசித் தீர்க்க முடிந்ததை ஒரே தேசத்தின் இரு மாநிலங்கள் பேசவே தொடங்கவில்லை என்றால், குறை தொழில்நுட்பத்தில் இல்லை. யாருடைய முதுமை பேச்சுவார்த்தைக்கு உரியது என்ற மதிப்பீட்டில் இருக்கிறது.

எடை போட்டால்

எதிர்வாதங்களையும் ஒதுக்கிவிடக் கூடாது. ஆர்டர் நிச்சயமில்லாத தொழிலில், பீஸுக்குச் சில ரூபாய் லாபத்தில் ஓடும் ஜாப் ஒர்க் பட்டறைக்காரரிடம் பி.எஃப். கட்டச் சொன்னால், அவர் மூடிவிட்டுப் போவார் என்கிறார்கள். பட்டறைக்காரரைப் பொறுத்தவரை அது உண்மையாக இருக்கலாம். ஆனால் அவரிடம் வேலை வாங்கும் ஏற்றுமதியாளருக்கும், அவரிடம் வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்துக்கும் அது பொருந்தாது. தைக்கும் கூலியை முடிவு செய்கிறவர்களே சந்தாவையும் அந்தக் கூலிக்குள் வைத்து முடிவு செய்ய வேண்டும். தொழிலாளர்களே பிடித்தம் வேண்டாம், முழுச் சம்பளம் கையில் கொடு என்கிறார்கள் என்பது இன்னொரு வாதம். அதுவும் உண்மை. அந்த விருப்பத்துக்குக் காரணம் மேலே போட்ட கணக்கு. நியாயமான ஓய்வூதியமாகத் திரும்பும் என்று தெரிந்தால் பிடித்தத்தை மறுக்கிறவர் குறைவார். பஞ்சப்படி சேர்த்தால் நிதி தாங்காது என்பது அரசின் வாதம். ஓய்வூதிய நிதிக்கு முதலாளியின் 8.33 சதவீதத்தோடு அரசு 1.16 சதவீதம்தான் சேர்க்கிறது. முழுப் பஞ்சப்படிக்கு அது போதாது என்பது சரி. ஆனால் ஒரேயடியாக ஒன்றுமே சேர்க்காமல் இருப்பதற்கு அது சமாதானமாகாது.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் பழைய வைப்பு நிதிச் சட்டத்தின் இடத்தைப் பிடிக்கிறது. புதிய சட்டத்தின் கீழ் திட்டங்களைத் திருத்தி எழுதும் இந்த நேரமே வாய்ப்பான நேரம். முதலில், ஊர் திரும்பியவரின் பணிக்காலச் சான்றிதழுக்கு ஆண்டுதோறும் ஒரு ஏற்றம் வேண்டும். வைப்பு நிதிக்குத் தரும் வட்டியில் பாதியாவது தந்தால், எடுக்காமல் விட்டுவைக்க ஒரு காரணம் பிறக்கும். அடுத்து, வேலையை விடும் நாளிலேயே, சனிக்கிழமைச் சம்பளத்தோடு சேர்த்து, பெயர், பிறந்த தேதி, பணிக்காலம் மூன்றையும் தொழிலாளி தன் மொழியில் படித்துச் சரிபார்த்துக்கொள்ளும் ஒரு தாளைக் கையில் தருவதைக் கட்டாயமாக்க வேண்டும். பத்தாண்டு கழித்துப் பலாங்கீரிலிருந்து திருத்த முடியாததைத் திருப்பூரில் பத்து நிமிடத்தில் திருத்திவிடலாம். இதற்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை. ஏற்றுமதியாளர் சங்கமும் வைப்பு நிதி அலுவலகமும் மனம்வைத்தால் நடக்கும். மூன்றாவதாக, முதியோர் உதவித்தொகைக்கு ரேஷன் மாதிரியே மாநிலங்களுக்கு இடையிலான ஏற்பாடு. அதிகமான வெளிமாநிலத் தொழிலாளர்களால் பயன்பெறும் மாநிலங்களில் ஒன்று என்ற முறையில் தமிழகம் அதை முன்மொழியலாம். ஒடிசாவோடு முதலில் தொடங்கலாம்.

உழைத்த ஊர் ஒன்றாகவும் ஓய்ந்த ஊர் வேறாகவும் இருப்பவருக்கு ஓய்வூதியம் தேடிப்போக வேண்டும் என்ற கொள்கையை இந்தியா ஏற்றுக்கொண்டுவிட்டது. கடைசி மைல் வரை அதற்குச் சாலையும் போட்டுவிட்டது. அந்தச் சாலையில் போக வேண்டியவர்களில் பெரும்பாலோர் முதல் மைலிலேயே இறக்கிவிடப்படுகிறார்கள் என்பதால், சாலையின் தரத்தைப் புகழ்ந்து நிறுத்திக்கொள்ள முடியாது. அடுத்த ஆண்டறிக்கையில் எத்தனை லட்சம் பேருக்குப் பட்டுவாடா செய்தோம் என்ற எண்ணோடு, எத்தனை லட்சம் பேர் பத்தாண்டு முடியுமுன் கணக்கை முடித்துக்கொண்டார்கள் என்ற எண்ணையும் மாநிலவாரியாகவும் தொழில்வாரியாகவும் வைப்பு நிதி நிறுவனம் வெளியிடட்டும். திட்டத்தின் வெற்றி தோல்வியைத் திருப்பூர் எண்ணிப் பார்க்க வேண்டியது அந்த இரண்டாவது எண்ணில்தான்.